சீனி கரையும் நேரம்

நாய் கடித்த ஆட்டின் தொடையில் ஒரு கைப்பிடி சீனியைக் கொட்டி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டு, "மூணு நாள் கழிச்சு அவிழ்த்துப் பாருங்க, புண்ணு காஞ்சிருக்கும்" என்று சொல்லும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மூன்றாம் நாள் அவிழ்த்தால் பெரும்பாலும் காய்ந்திருப்பதில்லை. துணி பிசுபிசுவென்று ஊறிப்போய், எறும்பு மொய்த்து, ஓரத்தில் ஈ முட்டை வைத்திருக்கும். அந்தக் கோலத்தைப் பார்த்தவர்கள் சீனி வைத்தியமே பொய் என்று ஒரேயடியாக முடிவுகட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்று எதற்கெடுத்தாலும் தேனையும் சீனியையும் அள்ளிப் பூசச் சொல்கிறவர்கள். இரண்டு பேச்சும் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. சீனி வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு முறை வைத்த சீனி வேலை செய்வது சில மணி நேரம்தான். அந்த நேரம் முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து கட்டை அவிழ்த்து, கழுவி, புதுச்சீனி வைக்க வேண்டும். காணொளிகள் விட்டுவிடுவது சரியாக அந்தப் பகுதியைத்தான்.

இந்த வைத்தியத்தின் வயதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியில் காயத்துக்குத் தேன் இருக்கிறது. பழைய ஆயுர்வேத அறுவை மருத்துவர் சுசுருதர் தேனையும் நெய்யையும் சேர்த்துச் சொல்கிறார். கவனிக்க வேண்டியது அண்மைக்கால வரலாறு. 1980இல் அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் லியோன் ஹெர்ஸாகே, சீழ்பிடித்த காயமுள்ள 120 பேருக்குச் சாதாரணச் சீனியை வைத்துக் கட்டிய அனுபவத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மிசிசிப்பியிலிருந்து ரிச்சர்ட் நட்சன், சீனியையும் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியையும் குழைத்து 605 பேருக்குப் பயன்படுத்திய ஐந்தாண்டுக் கணக்கைக் கொடுத்தார். ஜிம்பாப்வேயில் தன் தந்தை காயத்துக்குச் சீனி வைத்ததைப் பார்த்து வளர்ந்த மோசஸ் முராண்டு என்ற செவிலியர், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். கால்நடை மருத்துவத்தில் 2002இல் கனடாவின் ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த கரோல் மேத்யூஸும் ஆலன் பின்னிங்டனும் சீனிக்கு ஒன்று, தேனுக்கு ஒன்று என்று இரண்டு கட்டுரைகளில் முறையை வகுத்து எழுதினார்கள். இவர்களில் யாரும் "கொட்டிக் கட்டி மறந்துவிடு" என்று சொல்லவில்லை.

ஐம்பது மில்லிக் கணக்கு

சீனி கிருமியைக் கொல்லும் விஷம் எதையும் வைத்திருக்கவில்லை. அது செய்வது ஒரே ஒரு காரியம்: தண்ணீரை இழுப்பது. பள்ளிப் பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான். புண்ணின் மேல் கெட்டியான சீனி இருக்கும்போது, வீங்கிய சதைக்குள்ளிருந்து நீர் வெளியே வருகிறது, வீக்கம் வடிகிறது, அழுகல் சதை இளகிப் பிரிகிறது. அதே சமயம் கிருமிகளின் உடலிலிருந்தும் நீர் போய்விடுகிறது. அவற்றால் பெருக முடிவதில்லை.

பெருக முடியாத அளவு என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிருமிக்குக் கிடைக்கக்கூடிய நீரை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். சுத்தத் தண்ணீர் 1. ஈ.கோலை போன்றவை 0.95க்குக் கீழே வளராது. சீழ்ப்புண்களில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மட்டும் பிடிவாதக்காரக் கிருமி, 0.86 வரை தாக்குப்பிடிக்கும். 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சீனி கரையும். இனிக் கரையாது என்ற அந்த நிலையில் எண் 0.85க்கு வருகிறது. அதாவது ஸ்டஃபைலோகாக்கஸைக்கூட அது மயிரிழையில் நிறுத்தி வைக்கிறது. ஹெர்ஸாகேயோடு சேர்ந்து உணவு அறிவியலாளர் ஹோர்ஹே சிரிஃபே 1983இல் ஆய்வகத்தில் காட்டியது இதைத்தான்.

இப்போது இந்தக் கணக்கைப் புண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் இடம் இது. நீங்கள் வைத்தது 100 கிராம் சீனி. அதை முழுதாகக் கரைக்க வெறும் 50 மில்லி கசிவு போதும். சீழ்பிடித்த, உள்ளங்கை அகலப் புண் ஒன்றிலிருந்து அவ்வளவு நீர் வரச் சில மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். 50 மில்லி வரை சீனியின் கை ஓங்கியிருக்கும். கசிவு 100 மில்லி ஆகும்போது அங்கே இருப்பது பாதிக்குப் பாதிப் பாகு, எண் 0.93, 0.94 என்று ஏறிவிடும், ஸ்டஃபைலோகாக்கஸ் தாராளமாக வளரும். 150 மில்லியைத் தொட்டால் 0.96, ஈ.கோலையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேல் அந்தக் கட்டுக்குள் இருப்பது வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். கிருமிக்கு அதைவிட நல்ல தீனி வேறில்லை. தேன்நெல்லி ஜாடிக்குள் ஈரக் கரண்டி விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. காலையில் மருந்தாக இருந்த அதே சீனி மாலையில் கிருமிக்கு உணவாகிவிடுகிறது. மூன்று நாள் கட்டு ஏன் நாறுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே, கட்டு மாற்றும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, சீனிதான் சொல்லும். அவிழ்க்கும்போது புண்ணின் மேல் கொஞ்சமாவது கரையாத மணிகள் மிச்சமிருந்தால் நேரம் சரி. வெறும் பாகு மட்டும் இருந்தால் தாமதமாக வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை இன்னும் முன்னதாக அவிழ்க்க வேண்டும், அல்லது அதிகச் சீனி வைக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களுக்கு ஒரு நாளில் இரண்டு முறை, சில புண்களுக்கு மூன்று முறைகூட மாற்ற வேண்டியிருக்கும். கசிவு குறையக் குறைய ஒரு முறை போதும். கட்டின் வெளிப்புறத்தில் ஈரம் தெரிந்துவிட்டால் மணி பார்க்காமல் உடனே மாற்றுங்கள். ஈரம் வெளியே வந்த வழியாகவே தொழுவத்துக் கிருமிகள் உள்ளே போகும்.

வைக்கும் விதம்

கடையில் விற்கும் வெள்ளைச் சீனி போதும், ரேஷன் கடைச் சீனியும் ஆகும். பிரிக்காத பொட்டலமாக இருக்கட்டும். டீ போடும் டப்பாவில் ஈரக்கை பட்டது வேண்டாம். பொடித்து விற்கும் ஐசிங் சர்க்கரையில் கட்டிபிடிக்காமல் இருக்க மாவு சேர்த்திருப்பார்கள், அதைத் தவிர்க்க வேண்டும். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் வேண்டாம். அவற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, அழுக்கும் இருக்கிறது, ஒரே சீராகப் பரவவும் செய்யாது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் இனிப்பூட்டிகளை விலங்குகளின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாயின் வயிற்றுக்குள் போனால் ரத்தச் சர்க்கரை சரிந்து, கல்லீரல் கெட்டு, உயிரே போகும்.

முதலில் புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியை மழிக்க வேண்டும். மழித்த முடி புண்ணுக்குள் விழாமலிருக்க, ஈரமான காஸ் துணியால் புண்ணை மூடிக்கொண்டு மழிப்பது நல்லது. பிறகு கழுவுதல். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி. இந்த உப்புநீரைச் சும்மா ஊற்றினால் பிசுக்குப் போகாது. 20 மில்லி சிரிஞ்சில் 18ஆம் எண் ஊசியை மாட்டிப் பீய்ச்சினால் சதையைக் கிழிக்காமல் அழுக்கை மட்டும் எடுக்கும் வேகம் கிடைக்கும். உள்ளங்கை அளவுப் புண்ணுக்கு அரை லிட்டராவது செலவாகட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து ஒவ்வொரு நாளும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்து எரிக்கும். பினாயில், டீசல், சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு இவற்றுக்கும் புண்ணில் வேலையில்லை. கறுத்துச் செத்த சதை தொங்கினால் மருத்துவர் வெட்டி எடுக்க வேண்டும். செத்த சதையின் மேல் எவ்வளவு சீனி கொட்டினாலும் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

அதன்பின் சீனி. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் புண் முழுவதையும், பொந்துகள் இருந்தால் அவற்றையும் நிரப்ப வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் புண்ணுக்கு இது கிட்டத்தட்ட 85 கிராம். மேலாகத் தூவுவது வீண். அதன் மேல் காஸ் துணி, அதன் மேல் நீரை நன்றாகக் குடிக்கும் கனமான ஓர் அடுக்கு. பஞ்சைப் புண்ணின் மேல் நேரடியாக வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும், ஆனால் காஸுக்கு மேல் வைக்கலாம். பிறந்த குழந்தைக்குப் போடும் டயாப்பரும், சானிட்டரி நாப்கினும் இந்த இடத்துக்கு அருமையாகப் பொருந்தும். மலிவு, சுத்தம், நிறையக் குடிக்கும். கடைசியில் சுருள்கட்டு. காலில் கட்டும்போது குளம்புப் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள், இறுக்கம் ஒரு விரல் நுழையும் அளவில் இருக்கட்டும். கட்டுக்குக் கீழே கால் வீங்கினாலோ, சில்லிட்டுப்போனாலோ இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

முதுகிலும் தொடையிலும் இடுப்பிலும் சுருள்கட்டு நிற்காது. அங்கே மருத்துவர்கள் புண்ணைச் சுற்றி நல்ல தோலில் ஐந்தாறு தையல் வளையங்களைத் தளர்வாகப் போட்டுவிடுவார்கள். சீனியும் பஞ்சும் வைத்த பிறகு அந்த வளையங்களுக்குள் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக நுழைத்து, ஷூ லேஸ் மாதிரி முடிச்சுப் போட்டால் கட்டு நகராது. அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதும் வீட்டுக்காரர்களே செய்யக்கூடிய வேலை. ஒரே ஒரு முறை மருத்துவரைக் கூப்பிட்டு வளையம் போட்டுக்கொண்டால் பத்து நாள் கட்டு மாற்றலாம் என்பதால், இதைக் கேட்டுப் பெறுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

எறும்பு நம் ஊர்த் தொழுவங்களின் தீராத தலைவலி. வெளிநாட்டுக் கட்டுரைகளில் அதற்குப் பதில் கிடைக்காது. கட்டுக்கு மேலேயும் கீழேயும் தோலில் வேப்பெண்ணெயை ஒரு வளையமாகத் தடவுங்கள், கட்டின் வெளித்துணியிலும் லேசாகத் தேய்க்கலாம், புண்ணுக்குள் படக்கூடாது. ஈயும் ஓரளவு விலகும். சிந்திய சீனியைத் தரையிலிருந்து கழுவிவிடுங்கள். மாடு தன் கட்டைத் தானே நக்கும், பக்கத்தில் கட்டியிருக்கும் கன்றும் நக்கும்; தனியாகக் கட்ட வேண்டும். நாய்க்குக் கழுத்துக் கூம்பு போடாமல் சீனிக்கட்டு போடுவது நேரவிரயம்.

குளம்புப் புண்ணுக்கு மட்டும் நட்சன் முறையின் ஒரு வடிவம் மிகவும் உதவும். குதிரை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாள்வது: இரண்டு பங்கு சீனி, ஒரு பங்கு 10 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசல், பற்பசைப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். கோமாரிக்குப் பிறகு குளம்பிடுக்கில் ஆறாமல் நிற்கும் புண்ணிலும், குளம்புச் சீழைத் திறந்துவிட்ட பொந்திலும் இந்தப் பசையை அடைத்து, டயாப்பரால் சுற்றி, அகலமான ஒட்டும் நாடாவால் மூடி, மேலே சாக்குத் துண்டைக் கட்டலாம். தினமும் மாற்ற வேண்டும். சேற்றில் நிற்கும் மாட்டுக்கு இது பலிக்காது, தரை உலர்ந்திருக்க வேண்டும்.

சீனி போகக்கூடாத இடங்கள்

ரத்தம் ஒழுகும் காயத்தில் சீனி வைக்கக்கூடாது. உறைவதைக் கரைத்து ஒழுக்கை நீட்டிக்கும். அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, ஒரு நாள் கழித்துத்தான் சீனி. சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்த சுத்தமான வெட்டுக்காயத்துக்குத் தையல்தான் சரி, சீனி வைத்து அந்த வாய்ப்பைக் கெடுக்கக்கூடாது. கண், திறந்துபோன மூட்டு, நெஞ்சு அல்லது வயிற்றுக்குள் போகும் காயம், வாய் சிறுத்து உள்ளே ஆழமாக ஓடும் துளைப்புண் இவற்றில் வேண்டவே வேண்டாம். உள்ளே போன பாகு வெளியே வர வழியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. மடிக்காம்புக்குள் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றும் யோசனையும் இந்தப் பட்டியலில் சேரும். பால் தங்கும் இடத்தில் அது கிருமிக்கு விருந்து.

புழு வைத்த புண்ணில் சீனி புழுவை ஒன்றும் செய்யாது. டர்பென்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்து, மருத்துவர் சொன்னால் ஐவர்மெக்டின் ஊசியும் போட்டு, புண் புழுவற்றது என்று உறுதியான பிறகே சீனிக்கு வர வேண்டும்.

நாய்க்கடிக்கு இன்னும் ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். கொங்குப் பகுதியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் புண்ணைப் பார்த்ததும் சீனியைத் தேடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கடித்த நாளையும் சேர்த்து 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் ஆட்டுக்குப் போடப்பட வேண்டும். பல் ஆழமாகப் பதிந்த துளைகளில் வில்வாதம் (டெட்டனஸ்) வரும் அபாயமும் உண்டு, ஆடும் குதிரையும் அதற்கு எளிதில் பலியாகும். அதற்கான ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு, கிழிந்து திறந்து கிடக்கும் தொடைப்புண்ணுக்குச் சீனிக்கட்டு நல்ல துணை.

இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய புண்ணிலிருந்து சீனி இழுக்கும் நீர் அந்த விலங்கின் உடல்நீர்தான், அதோடு புரதமும் போகிறது. 400 கிலோ மாட்டுக்கு இது பெரிதாகத் தெரியாது. 20 கிலோ ஆட்டுக்கும், சிறு நாய்க்கும் தெரியும். கண் குழி விழுந்து, பிடித்து இழுத்த தோல் மெதுவாகத் திரும்பினால் நீர்ச்சத்து குறைந்துவிட்டது. குளுக்கோஸ் பாட்டிலோ உப்புநீர்ப் பாட்டிலோ ஏற்ற வேண்டியிருக்கும். பெரிய புண்ணில் உறிஞ்சப்படும் சீனி சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், சிறுநீரகம் பழுதான நாய்க்குப் பெரிய பரப்பில் வைக்கக்கூடாது. சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு வைக்கலாமா என்றால் வைக்கலாம். புண்ணில் வைத்த சீனி, அதாவது சுக்ரோஸ், குடலில்போலக் குளுக்கோஸாக உடைவதில்லை.

மாட்டின் உடல்வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, தீவனம் எடுக்காமல் நின்றால், கிருமி புண்ணை விட்டு உடம்புக்குள் போய்விட்டது. புண்ணின் மேல் வைக்கும் எதுவும் அங்கே எட்டாது. 1962 எண்ணுக்கு அழைத்தால் தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் அந்தப் பாலை மருத்துவர் சொல்லும் நாள் வரை கறந்து கொட்டத்தான் வேண்டும். மேலோட்டமான புண்களைச் சீனியாலேயே ஆற்றிவிட்டால் பாலில் மருந்து எச்சமும் இல்லை, கொட்ட வேண்டிய நஷ்டமும் இல்லை. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வைத்தியத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

தேன்

தேன் சீனியைவிட ஒரு படி மேல். அதில் தண்ணீர் 17 முதல் 20 சதவீதம்தான், புளிப்புத்தன்மையைக் காட்டும் pH எண் 3.2 முதல் 4.5 வரை இருப்பதால் கிருமிகளுக்கு ஒவ்வாது. இவற்றோடு தேனீ சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியும் இருக்கிறது. கெட்டித்தேனில் அது உறங்கிக் கிடக்கும். புண்ணின் கசிவு பட்டுத் தேன் நீர்க்கும்போது விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை மிகச் சிறு அளவில், சதைக்குக் கேடில்லாமல், மணிக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். சீனி நீர்த்தால் தோற்றுவிடும். தேனோ நீர்க்கும்போது இன்னொரு ஆயுதத்தை எடுக்கும். கட்டு மாற்ற ஆறு மணி நேரம் தாமதமானால் தேன் மன்னிக்கும், சீனி மன்னிக்காது. நியூசிலாந்தின் மனுக்காத் தேனில் மெதில்கிளையாக்சால் என்ற பொருளும் சேர்ந்து வேலை செய்கிறது. நாறும் புண்ணின் நாற்றம் இரண்டு மூன்று நாளில் அடங்குவதற்கும் காரணம் உண்டு: கிருமிகள் புரதத்தைத் தின்று கெட்ட வாடை வாயுக்களை விடுவதற்குப் பதிலாகச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. இஸ்ரேலில் 127 குதிரைகளின் கிழிந்த காயங்களில், தையல் போடும் முன் மருத்துவத் தேன் கூழைக் காயத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த அந்த ஆய்வில், தேன் வைத்த காயங்கள் முழுமையாகக் கூடிய வாய்ப்பு அதிகமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த நொதி சூட்டில் செத்துவிடும். பாட்டிலில் வரும் கடைத்தேன் பெரும்பாலும் காய்ச்சி வடிகட்டியது. போதாததற்குக் கலப்படம், 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்ற பல தேன்களில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதை வெளிக்கொண்டுவந்தது. கலப்படத் தேனைப் புண்ணில் வைப்பதற்குச் சீனியையே வைக்கலாம், விலையாவது மிச்சம். மார்த்தாண்டம் மாதிரி இடங்களில் பெட்டித்தேன் எடுப்பவரிடம், அடை மூடிய பிறகு எடுத்த, காய்ச்சாத தேனாகக் கேட்டு வாங்குங்கள். ரப்பர்ப் பருவத்துத் தேனிலும் கொசுத்தேனிலும் ஈரம் கூடுதல், புளிக்கத் தொடங்கிய தேன் புண்ணுக்கு ஆகாது. தண்ணீர் டம்ளரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது எதுவும் இன்றைய கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது.

அளவு, 10 சென்டிமீட்டர் சதுரப் புண்ணுக்கு 30 மில்லி. தேனைப் புண்ணில் ஊற்றுவதைவிடக் காஸில் ஊறவைத்து வைப்பது நல்லது, உடல்சூட்டில் இளகி ஓடிவிடாது. சில நாய்கள் தேன் பட்டதும் எரிச்சலில் துள்ளும், புளிப்புத்தன்மையே காரணம். அவற்றுக்குச் சீனிக்கு மாறிவிடலாம். இயற்கைத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். அதனால்தான் மருத்துவமனைக்கென்று வரும் தேனைக் காமாக் கதிரில் சுத்திகரிக்கிறார்கள். அது நொதியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆழ்ந்த புண்ணுக்கும் குதிரைக்கும் அந்த வகையே பாதுகாப்பு. கழற்றிய தேன்கட்டுகளைக் குப்பையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். தேனீக்கள் அதைத் தேடி வரும், தேனில் தேனீயின் புழுக்களைத் தாக்கும் நோய்க் கிருமிகள் இருந்தால் அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்குப் பரவிவிடும்.

வெல்லத்தைப் பற்றியும் கேட்பார்கள். தஞ்சாவூரிலுள்ள கால்நடை மரபுவழி மூலிகை மருத்துவ மையம் பரப்பிய கோமாரி வாய்ப்புண் மருந்தில் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள் தலா 10 கிராம், பூண்டு நான்கு பல், ஒரு தேங்காய் இவற்றோடு 120 கிராம் வெல்லமும் சேரும். அங்கே வெல்லத்தின் வேலை வேறு. வாய் வெந்து தீவனம் எடுக்காமல் நிற்கும் மாடு அதை விரும்பி விழுங்கும், மற்ற சரக்குகள் நாக்கிலும் மேலண்ணத்திலும் ஒட்டி நிற்கும், கொஞ்சம் தெம்பும் கிடைக்கும். அந்த உருண்டையைக் காட்டி வெல்லத்தைக் கால்புண்ணில் அப்பக்கூடாது.

அடி தள்ளிய பசு

சீனியின் நீர் இழுக்கும் குணம் மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது கன்று ஈன்ற பசுவுக்குக் கருப்பை வெளியே தள்ளும்போதுதான். வெளியே தொங்கும் கருப்பை நேரம் ஆக ஆக நீர் கோத்து வீங்கி, உள்ளே போக முடியாத அளவு பெருத்துவிடும். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, மாட்டைப் படுக்க விடாமல், சுத்தமான ஈரத்துணியை விரித்து இரண்டு பேர் கருப்பையை இடுப்பு மட்டத்துக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். குளிர்ந்த உப்புநீரால் சாணியையும் வைக்கோலையும் கழுவிவிட்டு, ஒன்றிரண்டு கிலோ சீனியைப் பரவலாகத் தூவுங்கள். தேய்க்கவே கூடாது, அந்தத் தோல் ஈரக் காகிதம்போலக் கிழியும். அரைமணி நேரத்தில் நீர் சொட்டுவதையும் சுருங்குவதையும் பார்க்கலாம். மருத்துவர் வந்து, முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போட்டு, சீனியைக் கழுவிவிட்டு உள்ளே தள்ளுவார். நீங்களாகத் தள்ள முயன்றால் கருப்பை கிழிந்து பசு செத்துப்போகும். நாயின் குறி வெளியே வந்து வீங்கி உள்ளே போகாமல் நிற்கும்போதும் இதே வித்தைதான். கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைப்பார்கள்.

கருப்பைக்குள் சீழ்பிடித்த கறவை மாடுகளுக்கு 200 மில்லி 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸை, அதாவது குளுக்கோஸ் கரைசலை, உள்ளே ஏற்றும் முறையை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012இல் வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னால் வந்தவை எல்லாம் ஒரே மாதிரி அமையவில்லை. திறந்த புண்ணில் இருக்கும் வசதி அங்கே இல்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம்: நீர்த்துப்போனதை அடுத்த வேளையே அவிழ்த்து மாற்ற அங்கே வழியில்லை. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதற்காக மட்டும் வீட்டில் முயன்று பார்க்கும் விஷயம் அல்ல இது.

எப்போது நிறுத்துவது

சீனியைத் தொடங்குவதைவிட நிறுத்தத் தெரிவது கடினம். நன்றாகப் போகிறதே என்று தொடர்ந்துகொண்டே இருப்பார்கள், புண் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். நாற்றம் போய், மஞ்சள் அழுகல் பிரிந்து, அடி முழுவதும் சிவந்து, சிறுமணி சிறுமணியாக ஈரம் மின்னும் புதுச்சதை எழும்பிவிட்டால் சீனியின் வேலை முடிந்தது. ஓரத்திலிருந்து வெளிர்சிவப்பாக நகர்ந்து வரும் மெல்லிய தோலுக்கு ஈரம் வேண்டும். சீனி அந்த ஈரத்தையும் உறிஞ்சி அதைக் காயவைத்துவிடும். அன்றிலிருந்து ஒட்டாத பாரஃபின் காஸுக்கு மாறி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். குதிரையின் முழங்காலுக்குக் கீழே புதுச்சதை தோல் மட்டத்தைத் தாண்டி எழும்பினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், அதை வெட்டி மட்டப்படுத்தாமல் தோல் மூடாது. ஐந்து நாள் ஒழுங்காகக் கட்டு மாற்றியும் கசிவு குறையவில்லை என்றால் உள்ளே முள்ளோ, மரத்துண்டோ, செத்த எலும்போ இருக்கக்கூடும். அதை எடுக்கும் வரை புது மூட்டை சீனி வாங்குவதில் பயனில்லை.